விண்மீன் விருந்து!

பாரிசு நகரின் நடுவே, லெ ஆல் என்றொரு பெருஞ்சந்தை இருந்தது. 1969ல் அது நகருக்கு வெளியே மாற்றப்படும் வரையில், இரவெல்லாம் அங்கே மூட்டை சுமந்த தொழிலாளர், விடியற்காலைக் குளிரிலே, சந்தையை ஒட்டிய கடைகளில் வெங்காய சூப் குடித்துக் களைப்பாறினர். வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், எலும்புச் சாறு, மேலே காய்ந்த ரொட்டித் துண்டு, அதன்மேல் உருகிய பாலாடைக்கட்டி — இவ்வளவே! கை சூடேறும், வயிறு நிறையும், அடுத்த மூட்டையைத் தூக்க முதுகு நிமிரும். பிரெஞ்சு நாட்டுச் சமையலின் பெருமை எது என்று எவரேனும் கேட்டால், அந்தக் கிண்ணத்தைத்தான் காட்டுவோம் நாம்.

அதே வெங்காயம், அதே பாரிசில், மாளிகை புகுந்த கதை ஒன்றுண்டு. மூட்டை தூக்கியவனின் வெங்காயம் மூன்று விண்மீன் விடுதியின் தட்டிலே ஏறிற்று. விலை? எழுபது யூரோ! சுவை? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

'அப்சர்வர்' என்னும் ஆங்கில ஏட்டிலே பல்லாண்டுகள் உணவகத் திறனாய்வு எழுதிவந்தவர் ஜே ரேனர். 2017 ஏப்ரலில், பாரிசின் ஜார்ஜ் சாங்க் விடுதியில் உள்ள 'லெ சாங்க்' என்னும் உணவகத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, கடல்கடந்து பல நாடுகளிலே படிக்கப்பட்டது. பாராட்டவும் பட்டது, பழிக்கவும் பட்டது. மிஷெலின் வழிகாட்டி என்னும் ஏடு, தன் உச்ச விருதான மூன்று விண்மீன்களை வழங்கியிருந்த உணவகம் அது. அங்கே இருவர் உண்டெழ ஆன செலவு, ஏறத்தாழ 600 யூரோ! தொழிலாளியின் குடும்பம் பல வாரம் உண்ணும் தொகை, இருவரின் ஒருவேளை உணவுக்கு!

ரேனர், பணம் செலவழித்து உண்பதையே வெறுப்பவரல்லர். அத்தகைய தொகையை முன்பும் செலவிட்டதுண்டு, அதற்காக வருந்தியதில்லை என்று அவரே எழுதினார். ஆகவே, 'எட்டாத கனி புளிக்கும்' என்று பேசும் நரியின் குரலல்ல அது. உண்டார், நொந்தார், உள்ளதை எழுதினார்.

எதைக் கண்டார் அவர்? தடித்த கம்பளம், ஆங்காங்கே பொன்முலாம், பெண்மணியின் கைப்பை அமர்வதற்கென்று தனியே ஒரு முக்காலி! பிறகு, கரண்டியின் மேல் கண்ணாடி போன்றதோர் உருண்டை. வாயிலே வெடித்தது. உள்ளே? பழங்காற்றும் இஞ்சியின் சாயலும். அடுத்து, பாரிசுப் பாணி வெங்காயம், அந்த எழுபது யூரோப் பண்டம். வெங்காய சூப்பின் சுவை அதில் உண்டு என்றனர் பரிமாறியோர். அதை உண்டபோது, உண்மையான வெங்காய சூப் ஒரு கிண்ணம் கிடைக்காதா என்ற ஏக்கமே எழுந்ததாம் அவருக்கு! கறுத்து, ஒட்டிக்கொள்ளும் பண்டமாக அது இருந்தது என்கிறார். பிறகு, வேகாத குறையோடு வந்த புறா இறைச்சி. இறுதியில், பாலாடைக்கட்டி இனிப்பின் மேல் உறைந்த பச்சைப் பொடி. பார்ஸ்லி என்னும் தழையின் பொடி. வெட்டிய புல்லின் சுவை என்று முகம் சுளித்தார் திறனாய்வாளர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. விண்மீன் பெற்ற வெங்காயம் வயிற்றுக்கும் உதவவில்லை, நாவுக்கும் உதவவில்லை!

"ஒருவர் நாக்கு சொன்னது அது, வேறொருவர் நாக்கு வேறு சொல்லும். சுவைக்குச் சட்டம் உண்டோ?" என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி, மறுக்கவில்லை நாம். ஒருவருக்குக் கசப்பது மற்றொருவருக்கு இனிக்கக்கூடும். ஆனால், தோழர்களே, அந்தக் கேள்வியை ஒரு பக்கமாக மட்டும் கேட்பதுதான் வேடிக்கை! விடுதியைப் புகழ்ந்தவர் நாக்கைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை. "நன்றாக இல்லை" என்று சொன்ன நாக்கு மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. புகழுக்குச் சான்று வேண்டாம், குறைக்கு மட்டும் சான்று வேண்டுமாம்! எந்தப் பீடத்தைப் பாதுகாப்போரும் எடுத்தாளும் பழைய வழக்காடல் அல்லவா இது?

சுவை எங்கே பிறக்கிறது? நாக்கிலே மட்டுமா? அறிவியல் சொல்வதைக் கேட்போம்.

1976ல் பாரிசிலே ஒரு சோதனை. பிரான்சின் திராட்சை மதுவும் கலிபோர்னியாவின் திராட்சை மதுவும் பெயர் மறைத்து ஊற்றப்பட்டன. சுவைத்து மதிப்பெண் இட்ட நடுவர்கள், பிரான்சிலே அத்துறையில் பெயர் பெற்றவர்கள். வெள்ளை மதுவிலும் சிவப்பு மதுவிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியச் சரக்குகள்! பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் அந்த முடிவு வந்திருக்குமா?

2001ல் வெளிவந்தது மற்றோர் ஆய்வு. போர்தோ நகரில் மதுக்கலை பயின்ற மாணவர் 54 பேரிடம், வெள்ளை மதுவிலே மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து தரப்பட்டது. சிவப்பு மதுவுக்கே உரிய சொற்களால் அதை விவரித்தனர் அவர்கள். கண் கண்டது, நாக்கு வழிமொழிந்தது! 2008ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஒரே மதுவை இரு விலை சொல்லித் தந்தனர்: ஒன்று 10 டாலர், மற்றது 90 டாலர். விலை கூடியதே சுவை கூடியது என்றனர் குடித்தவர்கள். பொய் சொல்லவில்லை அவர்கள்; இன்பத்தை உணரும் மூளைப் பகுதியே விலையைக் கேட்டுக் கிளர்ந்தெழுந்ததைப் படக்கருவி காட்டிற்று.

மதுவைப் போற்ற இவற்றை நாம் எடுத்துச் சொல்லவில்லை. சோதனையின் முறையைப் போற்றுகிறோம். பெயரை மறை, விலையை மறை, பிறகு சுவைத்துச் சொல் — எவ்வளவு எளிய முறை! ஆனால் எவ்வளவு பேரை நடுங்கவைக்கும் முறை!

இப்போது எண்ணிப் பாருங்கள், பொன்முலாம் மின்னும் அந்தக் கூடத்திலே அமர்ந்திருப்பவன் நிலையை. ஆறு மாதம் பணம் சேர்த்து, திருமண நாளைக் கொண்டாட வந்தவன் என்றே வைத்துக்கொள்வோம். தட்டு வருகிறது. நாக்கு சொல்கிறது, "நன்றாக இல்லை" என்று. விலை சொல்கிறது, "நன்றாகத்தான் இருக்கவேண்டும்" என்று. விண்மீன் சொல்கிறது, "உனக்குச் சுவைக்கத் தெரியவில்லை" என்று. அருகே நிற்பவர், "எப்படி இருக்கிறது?" என்று குனிந்து கேட்கிறார். அவன் என்ன சொல்வான்? "அருமை!" என்பான். செலவழித்த பணமும் போய், சொந்த நாவின் மேல் இருந்த நம்பிக்கையும் போய், வீடு திரும்புவான். மறுநாள் நண்பரிடமும் "அருமை" என்றே சொல்வான்; ஏமாந்தவன் என்ற பெயர் எவருக்குத்தான் வேண்டும்? நண்பர் அடுத்த மாதம் போவார். இப்படித்தான் வளர்கிறது புகழ்.

அந்தப் புகழுக்குத் தலையூற்று எது? விண்மீன்! வானத்து விண்மீனைக் காட்டிப் பலன் சொல்வோரை எள்ளி நகையாடிய வால்டேர் பிறந்த பாரிசிலே, ஏட்டில் அச்சான விண்மீனுக்கு எத்துணைக் கும்பிடு!

யார் அளிப்பது அந்த விண்மீனை? சமையற்கலைக் கழகமா? உணவு அறிவியல் மன்றமா? இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் டயர் விற்கும் நிறுவனம்! ஆந்த்ரே, எதுவார் என்னும் மிஷெலின் உடன்பிறப்பாளர்கள் 1900ல் ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டனர். மோட்டார் வண்டிகள் மிகக் குறைவாக இருந்த காலம். எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே வண்டி பழுதுபார்ப்பர், எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று கூறிற்று ஏடு. ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும்! 1926ல் ஒற்றை விண்மீன் தோன்றிற்று. 1931ல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிவரிசை வந்தது. மூன்றுக்குப் பொருள் என்ன? அந்த உணவுக்காகவே தனிப்பயணம் மேற்கொள்ளத் தகும் என்பது. தனிப்பயணம்! டயர் வணிகர் வேறென்ன சொல்வார்?

குறையை மட்டும் கூறி நிறையை மறைப்பது திறனாய்வாகாது. அந்த ஏட்டின் ஆய்வாளர்கள் தம்மை வெளிக்காட்டாமல் சென்று, பணம் கொடுத்து உண்பதே முறை என்று நிறுவனம் கூறிவருகிறது. நல்ல முறைதான். 1933ல் அந்த ஏடு லியோன் நகர் சார்ந்த எழெனி பிராசியே என்னும் பெண்மணியின் இரு உணவகங்களுக்கும் மும்மூன்று விண்மீன் அளித்தது. யார் அவர்? பத்து வயதில் தாயை இழந்தவர். பண்ணைகளிலே வேலை செய்தவர். மணமாகாமல் குழந்தை பெற்றதற்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர். பிறர் வீட்டு வேலைக்காரியாய் வந்து, சமையல் கற்று, 1921ல் சொந்தக் கடை வைத்தவர். பிறப்பும் பட்டமும் பாராமல், தட்டில் இருந்ததைப் பார்த்து மதித்தது அன்று அந்த ஏடு. அதற்கு நம் பாராட்டு உண்டு.

ஆனால், மதிப்பீடு பீடமாகிவிட்டால் என்ன நேரும்? 2004ல், முன்னாள் ஆய்வாளர் பாஸ்கல் ரெமி ஒரு நூல் எழுதினார். ஆய்வாளர் தொகை மக்கள் எண்ணுவதைவிட மிகக் குறைவு, ஒவ்வோர் உணவகத்துக்கும் ஆண்டுதோறும் எவரும் செல்வதில்லை என்றார். நிறுவனம் மறுத்தது. அடுத்த ஆண்டே, 2005ல், பெனலக்ஸ் நாடுகளுக்கான பதிப்பிலே ஒரு வேடிக்கை நடந்தது. ஒஸ்டெண்ட் நகர உணவகம் ஒன்று ஏட்டிலே பாராட்டப்பட்டிருந்தது; ஏடு அச்சேறிய நாளில் அந்த உணவகம் திறக்கப்படவே இல்லை! அடுப்பு எரியவில்லை, அரிசி வேகவில்லை, ஆனால் சுவைக்குச் சான்றிதழ் தயார்! பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. 2019ல் மார்க் வெய்ரா என்னும் சமையற்கலைஞர், தம் மூன்றாவது விண்மீன் பறிக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். "எந்த நாள் வந்தீர்கள்? எதை உண்டீர்கள்? எதனால் குறைத்தீர்கள்? காரணம் காட்டுங்கள்" என்பதே அவர் கேட்டது. ஆண்டின் கடைசி நாளிலே அவர் வழக்கு தள்ளப்பட்டது. தீர்ப்பு சட்டப்படி இருக்கலாம். ஆனால், தரும்போதும் காரணம் கூறாது, பறிக்கும்போதும் காரணம் கூறாது ஒரு பீடம் என்றால், அதன் சொல்லை எப்படி ஏற்பது? நம்பிக்கையால் ஏற்கலாம், அறிவால் ஏற்க இயலாது.

ரேனர் கட்டுரை வெளிவந்த பின்பு, 'லெ சாங்க்' உணவகத்தின் விண்மீன்கள் என்ன ஆயின? அடுத்த ஆண்டும் மூன்றே! ஒரு திறனாய்வாளர் சொன்னதும் குறைத்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ரேனர் ஒவ்வொரு தட்டுக்கும் காரணம் எழுதினார். பீடம் ஒரு தட்டுக்கும் காரணம் எழுதவில்லை. எவர் சொல்லை எடைபோட முடியும் என்பதே கேள்வி.

'ரெஸ்டாரண்ட்' என்னும் சொல்லுக்கே முதலில் பொருள் வேறு. உடலைத் தேற்றும் சாறு என்பதே அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில், நலிந்தவர் வந்து குடித்துத் தெம்பு பெறும் சாறு விற்ற கடைகளுக்கு, அந்தச் சாற்றின் பெயரே கடைப்பெயராயிற்று. பிறகு 1789 வந்தது. பாஸ்தீல் சிறை வீழ்ந்தது. பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினர். அவர்தம் மாளிகைகளில் சமைத்தவர் கதி? கொந்தே இளவரசரின் சமையற்காரராக இருந்த மேயோ என்பவர் 1791ல் பாரிசிலே தம் உணவகத்தைத் திறந்தார். இவர் போன்றோர் மேலும் பலர். தொழிற்குழுக்களின் தனியுரிமைகளும் அதே ஆண்டில் ஒழிக்கப்பட்டன. மன்னர் மாளிகைக்குள் மட்டும் மணத்த கறி, மக்கள் நடமாடும் தெருவிலே மணந்தது! அச்சிட்ட பட்டியல் வந்தது. பட்டியலில் விலை வந்தது. பிரபுவுக்கும் அதே விலை, பேனா பிடிப்பவனுக்கும் அதே விலை. இன்ன குலத்தில் பிறந்தாயா என்று கேட்காத மேசை! பெரிய மாறுதல் அது, போற்றுகிறோம்.

ஆனால், பாதி வழியிலே நின்றுவிட்டது அந்தப் பயணம். பிறப்பைக் கேட்ட கதவு, பணப்பையைக் கேட்கலாயிற்று. பிரபு போனார், பிரபுவின் நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மாலைக்கு அதை வாடகைக்கு விடுவதே உயர்தர உணவகத்தின் தொழிலாயிற்று. சமையலையா விற்கின்றனர்? இல்லை, சில மணிநேரச் சீமான் வேடத்தை விற்கின்றனர். வேடத்துக்கு விலை கொடுத்தவன் வெங்காயத்தைக் குறைகூறக் கூசுகிறான். குறைகூறினால் வேடம் கலைந்துவிடுமே!

விலை அச்சிட்ட பட்டியல் சமத்துவத்தின் சின்னம் என்றோம். அந்தச் சின்னத்துக்கும் வந்தது ஊறு. உயர்தர உணவகங்கள் பலவற்றிலே, ஆணின் கையிலே விலையுள்ள பட்டியல். பெண்ணின் கையிலே விலையில்லாப் பட்டியல்! அவள் விருந்தாளி, அவன் எசமான்! அவள் சம்பாதிப்பதில்லை, எண்ணத் தெரியாது, எண்ணவும் கூடாது! 1980ல், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலிருந்த 'லோராஞ்சரி' என்னும் பிரெஞ்சு உணவகத்திலே இது நடந்தது. தொழில்முறைக் கூட்டாளியான ஆணை விருந்துக்கு அழைத்துச் சென்றவளே அந்தப் பெண். பணம் கொடுக்க வேண்டியவளும் அவளே. விலையில்லாப் பட்டியல் தரப்பட்டதோ அவளுக்கு! வழக்குத் தொடர்ந்தாள், உணவகம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பழங்கதை என்று எண்ணாதீர். 2019ல், பெரு நாட்டின் லிமா நகரில், இதே வழக்கத்தைப் பின்பற்றிய உணவகம் ஒன்றுக்கு அரசு தண்டம் விதித்தது. மரியாதை என்ற பட்டுத்துணி போர்த்தி வந்தாலும், அடிமைத்தனம் அடிமைத்தனமே!

கூடத்தைப் பார்த்தோம். கதவைத் திறந்து சமையற்கட்டுக்குள் நுழைவோமா?

1929 வாக்கில், பாரிசுப் பெருவிடுதி ஒன்றிலே பாத்திரம் கழுவிப் பிழைத்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். 1933ல் வெளிவந்த அவர் நூல், அந்தக் கதவின் இருபுறத்தையும் காட்டிற்று. ஒருபுறம் வெள்ளைத் துணி, மலர், பணிவு. மறுபுறம் புழுக்கம், அழுக்கு, வசைச்சொல். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வரை உழைப்பு. விலை உயர உயர, உணவைத் தொட்டு அடுக்கும் கைகளும் பெருகும் என்று கண்டு சொன்னார் அவர். அதற்கும் முன்பு, மன்னர்களுக்குச் சமைத்த மன்னன் என்று புகழப்பட்ட கரேம், ஐம்பது வயதை எட்டாமலே 1833ல் மறைந்தார். காற்றோட்டமற்ற கட்டுகளில் கரிப்புகை குடித்ததே காரணம் என்பர். பின்வந்த எஸ்கோஃபியே, படைமுகாமில் சமைத்த பழக்கத்தால், சமையற்கட்டையே படைப்பிரிவாக அமைத்தார். கூச்சலைக் குறைத்தார், குடியைத் தடுத்தார், வேலையைப் பங்கிட்டார், நன்மைதான். ஆனால் படை என்றால் மேலிருந்து ஆணை, கீழே பணிவு! அந்தப் படியடுக்கின் அடியிலே நிற்பவன், தான் கழுவும் தட்டிலே ஒருநாளும் உண்ணமாட்டான்.

கைப்பைக்கு முக்காலி போட்ட கூடம் நினைவிருக்கிறதா? கைப்பைக்குக் கால் வலிக்குமென்று கவலைப்பட்ட கனவான்கள், சுவருக்கு அப்பால் நாள்முழுதும் நிற்பவன் காலை நினைத்ததுண்டா?

"அப்படியானால், பழஞ்சோறே போதும், சமையற்கலை வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்கக்கூடும். இல்லை! சுவை வேண்டும், கலை வேண்டும், அது எல்லோருக்கும் வேண்டும் என்கிறோம். அது இயலாத கனவுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே, துய்வால் என்னும் இறைச்சிக் கடைக்காரர், பாரிசுத் தொழிலாளருக்கு மலிவு விலையில் சூடான இறைச்சிச் சாறு விற்கும் 'புய்யோன்' கடைகளைத் தொடங்கினார். 1896ல் அவ்வழியில் பிறந்த 'புய்யோன் ஷார்த்தியே' இன்றும் அந்நகரிலே நடக்கிறது. பரிமாறுபவர் மேசைமேல் விரித்த தாளிலேயே கணக்கெழுதிக் கூட்டுகிறார். அறிமுகமற்றவர்கள் ஒரே மேசையில் அமர்கின்றனர். 2010ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ, பிரெஞ்சு மக்களின் விருந்துணவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. எதை ஏற்றது? விண்மீன் விடுதியையா? அல்ல! பிறப்பு, திருமணம், வெற்றி, சந்திப்பு ஆகியவற்றை ஒட்டி, மக்கள் ஒன்றுகூடி, நன்றாகச் சமைத்து, பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை! பிரெஞ்சுச் சமையலின் உயிர் மக்களிடம் இருக்கிறது. மாளிகையில் இருப்பது அதன் உடுப்பு மட்டுமே.

இளைஞர்களே! பாரிசுக்குப் போவோர் நம்மில் சிலரே. எழுபது யூரோ வெங்காயம் உண்போர் அதனினும் சிலரே. பிறகு ஏன் இத்துணைப் பேச்சு? தட்டு மாறலாம், தந்திரம் மாறுவதில்லை என்பதால்! பரிசு பெற்றதால் நல்ல நூல், பட்டம் பெற்றதால் நல்ல பேச்சு, விலை கூடியதால் நல்ல மருந்து, கூட்டம் கூடியதால் நல்ல படம் என்று, விண்மீனைப் பார்த்தே விருந்தைப் புகழும் பழக்கம் எத்தனை துறைகளிலே! அங்கெல்லாம் கேளுங்கள்: அளந்தவர் யார்? அளவுகோல் எது? காரணத்தை வெளியிட்டாரா? பெயரை மறைத்துவிட்டாலும் இதே தீர்ப்புத்தானா? இந்த நான்குக்கும் விடை சொல்லும் விண்மீன் ஒளிரட்டும்; சொல்லாதது உதிரட்டும்.

கேட்டால் நாகரிகம் அறியாதவன் என்பர். என்னட்டும்! தன் நாக்கு உணர்ந்ததைத் தானே சொல்ல அஞ்சுபவனைவிட, "வெங்காயம் கருகிவிட்டது" என்று எழுந்து சொல்பவனே நாகரிகம் அறிந்தவன்.